டிகிரி இறங்கும் தொட்டி

இருபத்தைந்து. மண்ணாங்கட்டியின் கண் தேடும் எண் அதுதான். தொட்டியின் குழாயைத் திறந்து, உயரமான கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பிடித்து, டிகிரி காட்டும் மிதவையை மெதுவாக இறக்குகிறார். அது தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நிற்கிறது. குத்துக்காலிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மட்டம் தொடும் கோட்டைப் படிக்கிறார். பன்னிரண்டு. “இன்னா இது, பாதி கூட இல்லியே” என்கிறார்.

மரக்காணம் உப்பளத்தில் இருபத்திரண்டு வருடம் இதே மாதிரி மிதவையைப் பிடித்தவர். பாத்தியில் தேக்கிய தண்ணீர் வெயிலில் சுண்டச் சுண்ட டிகிரி ஏறும். இருபத்தைந்தைத் தொட்டால் உப்பு பூக்கும். முப்பதைத் தாண்டினால் கசப்பு வந்துவிடும். அந்தத் தண்ணீரை வெட்டி வெளியே விட வேண்டும். நெட்டையான ஆள், வெயிலில் கறுத்த முகம், உப்பில் வெடித்த குதிகால். எந்தத் தண்ணீரைக் கண்டாலும் ஒரு விரல் நனைத்து நாக்கில் வைக்காமல் இருக்க மாட்டார். இப்போது வேலை பார்க்கும், பீர் காய்ச்சும் அறைக்கு லாரியில் வரும் தண்ணீரையும் அப்படித்தான் சோதித்தார். “சப்புனு இருக்குது” என்று குறை சொன்னார்.

அந்த அறை மாநில எல்லைக்கு அப்பால், புதுச்சேரி பக்கம், காலாப்பட்டில் இருக்கிறது. உணவுத் தொழில்நுட்பம் படித்த நிவேதா உரிய அனுமதியெல்லாம் வாங்கி அங்கே பீர் காய்ச்சிப் பார்க்கிறார். பார்லியோடு, முளைகட்டி உலர்த்திய கேழ்வரகும் திண்டிவனத்துச் சிவப்பரிசியும் சேரும். வடிகட்டிய கஞ்சியில் கசப்புக்கு ஹாப்ஸ் என்ற பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்த்து, குளிரறையில் வாரக்கணக்கில் விட்டுவைப்பார்கள். இந்த வகைக்கு லாகர் என்று பெயர். நிவேதா ஒருநாள் உப்பளத்துப் பக்கம் வந்தபோது மண்ணாங்கட்டி மிதவை படிப்பதைப் பார்த்திருக்கிறார். அரை டிகிரி கூடப் பிசகாத கண். 2006 செப்டம்பர் முதல் வாரத்தில் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்.

மண்ணாங்கட்டி வந்ததற்குக் காரணம் மழை. ஐப்பசி பிறந்தால் உப்பளம் ஏரி ஆகிவிடும். தை வரை கூலி இல்லை. போன வருட மழைக்குச் சென்னையில் கட்டட வேலைக்குப் போனவர், இரண்டு மாதம் வீட்டுப் பக்கமே வரமுடியவில்லை. மூட்டுவலிக்கார மனைவி அம்சவள்ளி, இடுப்பளவு தண்ணீரில் தனியாகச் சட்டி பானைகளைப் பரணில் ஏற்றினார். இந்த வருடம் அது வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்துவிட்டார்கள். நிவேதாவும் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்: அக்டோபர் பதின்மூன்றாம் தேதி கடற்கரை ஓட்டல் மேலாளர் பிரபாகரன் வந்து குடித்துப் பார்ப்பார். பிடித்தால் நிரந்தர வேலை. பிடிக்காவிட்டால் அறையை மூடவேண்டியதுதான்.

மண்ணாங்கட்டி பீர் குடித்ததில்லை, கள்ளும் இல்லை. இதை யாரும் நம்புவதில்லை. கூட உப்பு வாரிய நடராசன், அவர் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதெல்லாம் வழிமறிக்கிறார். “ஏம்பா, பாண்டிக்குப் போயிட்டு வெறுங்கையோட வர்ற ஒரே ஆளு நீதான்யா. மானத்த வாங்கறியே!” கீழ்புத்துப்பட்டு சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் தினமும் “ஊதுய்யா” என்கிறார். ஊதினால் வெற்றிலை வாசனைதான். சட்டையை முகர்ந்தால் பீர்க் கடை. வாயை நம்புவதா சட்டையை நம்புவதா என்று தெரியாமல் அவரும் தினமும் விட்டுவிடுகிறார். அம்சவள்ளி தெருவில் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லும் பதில் ஒன்றே: “ஜூஸ் கம்பெனிங்க.”

மண்ணாங்கட்டிக்கே அந்த அறையில் பல விஷயங்கள் விளங்கவில்லை. ஹாப்ஸ் வெள்ளிப் பொட்டலத்தில் அமெரிக்காவிலிருந்து வருகிறது. பச்சையாக, புண்ணாக்கை உருட்டிவைத்த மாதிரி. புதிதாக வந்த ரகம் என்று நிவேதா பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார். முகர்ந்தால் எலுமிச்சைத் தோலையும் ஈர வைக்கோலையும் சேர்த்துக் கசக்கிய வாசனை. ஒன்றைக் கடித்துவிட்டு அரைமணி நேரம் துப்பிக்கொண்டிருந்தார். “அளத்துல கசப்பு வந்துட்டா தண்ணிய வெட்டி வுட்டுடுவோம். இங்க கசப்ப கப்பல்ல வரவெச்சிப் போடறாங்க. கேட்டா, அதாண்ணா டேஸ்ட்டுன்றாங்க.”

அப்படியிருந்தும் வேலையில் குறை வைக்கவில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு மிதவையை இறக்கி, எண்ணைப் பலகையில் எழுதுவார். பன்னிரண்டு, பதினொன்று, ஒன்பதரை, எட்டு. எழுத எழுத அவர் முகம் வாடியது. உப்பளத்தில் டிகிரி இறங்கினால் இரண்டே காரணம்தான்: மழை விழுந்திருக்கும், அல்லது வரப்பு உடைந்து நல்ல தண்ணீர் புகுந்திருக்கும். தொட்டியைச் சுற்றித் தடவிப் பார்த்தார். ஓட்டை இல்லை. ஏணி போட்டுக் கூரையைப் பார்த்தார். ஒழுகவில்லை. பீர் ஆக ஆக டிகிரி இறங்கத்தான் வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அது சொல்லவேண்டிய விஷயம் என்று நிவேதாவுக்குத் தோன்றவும் இல்லை.

பாட்டில் வாங்க நிவேதா பெங்களூருக்குப் போயிருந்த சனிக்கிழமை, மிதவை நாலரையில் நின்றது. இளகிப்போன பாத்திக்கு உப்பளத்தில் ஒரு வைத்தியம் உண்டு: டிகிரி ஏற்றிச் சேமித்து வைத்த கட்டித் தண்ணீரை அதில் விட்டுக் கலப்பது. ஈஸ்ட் வளர்ப்பதற்கென்று எடுத்துவைத்த கஞ்சி, சுவரோரம் ஒரு கேன் நிறைய இருந்தது. மண்ணாங்கட்டி அதைத் தூக்கித் தொட்டியில் ஊற்றினார். மிதவை ஐந்தரைக்கு ஏறியது. அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் ஐந்து. சாலையைத் தாண்டி ஓடி, பெட்டிக்கடை போனில் ஒரு ரூபாயைப் போட்டார்.

“மேடம், தண்ணி எறங்கிட்டே போவுது. மழ வுழுந்த பாத்தியாட்டம்.”

“எவ்ளோண்ணா இருக்குது?”

“நேத்து நாலரை. கேன் ஒண்ணு ஊத்தி அஞ்சரைக்கு ஏத்திட்டேன். இன்னிக்கு திரும்பவும் அஞ்சு.”

“இன்னா ஊத்தினீங்க?”

“செவுத்தோரம் இருந்துச்சே, கட்டித் தண்ணி.”

மறுமுனையில் பெங்களூர் ஆட்டோக்களின் சத்தம். அதற்கு நடுவே நிவேதா நிதானமாகச் சொன்னார்: “அண்ணா, டிகிரி எறங்கணும். கஞ்சில இருக்கற சக்கரைய ஈஸ்ட்டு தின்னுது. தின்னு முடிச்சாதான் பீரு.”

மண்ணாங்கட்டி இன்னொரு ரூபாயைத் தேடிப் போட்டார். “எல்லாத்தையும் தின்னுட்டா, அப்புறம் இன்னா மேடம் மிச்சம் இருக்கும்?”

ஊற்றுவதற்கு முன்பே அந்தக் கேன் நான்கு நாள் குளிரறைக்கு வெளியே நின்றிருந்தது. அதில் என்ன கிருமி புகுந்திருக்கும், அது தொட்டியில் என்ன செய்யும் என்பது குளிரறைக்குள் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடியதல்ல. அடுத்த மூன்று வாரமும் நிவேதா குடித்துப் பார்ப்பார், நெற்றியைச் சுருக்குவார். மண்ணாங்கட்டி அந்த நெற்றியையே பார்த்துக்கொண்டிருப்பார். வேறு தொட்டி வைக்க நாளும் இல்லை.

பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை பிரபாகரன் வந்தார். தங்க நிறம், நல்ல நுரை. ஒரு மிடறு, இன்னொரு மிடறு. “லேசா புளிக்குதே. லாகர்னுதான சொன்னீங்க? இது வேணும்னே செஞ்சதா?”

நிவேதா ஒரு கணம்தான் தயங்கினார். “ஆமா சார். நம்ம கேழ்வரகுக்குன்னே ஒரு சின்னப் புளிப்பு...”

“இல்லீங்க” என்றார் மண்ணாங்கட்டி, கதவருகிலிருந்து. “அது என் தப்புங்க. எறங்குதேன்னு கட்டித் தண்ணி ஊத்திட்டேன்.”

பிரபாகரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். யாரிடம் பேசுவது என்றே அவருக்குத் தெரியவில்லை. குவளையைப் பாதியில் வைத்தார். “புளிப்புதான் உங்க ஸ்டைலுன்னா எனக்கு வேணாம். தப்புன்னா, தப்பில்லாத ஒண்ணக் குடுங்க. அப்புறம் பேசலாம்” என்று சொல்லிவிட்டுக் கார் ஏறினார்.

நிவேதா திரும்பினார். “நான்தான் பேசிட்டு இருந்தேன்ல அண்ணா? நடுவுல ஏன் வந்தீங்க?”

“அவரு நம்பி வாங்கிட்டுப் போயி, அடுத்த தொட்டி புளிக்கலன்னா வந்து சண்ட போடுவாரே மேடம்.” கொஞ்சம் நிறுத்தி, நிஜமாகவே தெரியாதவராகக் கேட்டார்: “சொல்லக் கூடாதா?”

நிவேதா போனை எடுத்தார். மண்ணாங்கட்டி இடுப்புக் கயிற்றில் முடிந்திருந்த குளிரறைச் சாவியை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். நிவேதா அப்போது திண்டிவனத்து அரிசி மண்டிக்காரரிடம், இன்னும் இரண்டு மூட்டை வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தாமலே, ஒரு விரலால் சாவியைத் திரும்பவும் மண்ணாங்கட்டி பக்கமே தள்ளிவிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை காலை, அடுத்த தொட்டிக்குக் கேழ்வரகை ஊறப்போட்டார்கள். முளைகட்டி, காய்ச்சி, குளிரவைத்து எடுக்க ஏழு வாரம் ஆகும். மழை முடிந்து உப்பளம் தொடங்க அதைவிடக் கூடுதல் நாள் இருக்கிறது.