லூயிஷாமில் பாக்குல் வெந்த நாள்

பெலாச்சான் நாற்றம்தான் அன்று என்னை எழுப்பியது. நாற்றம் என்று உங்களுக்காக எழுதுகிறேன். தைப்பிங்கில் பிறந்து வளர்ந்த மூக்குக்கு அது வேறு. கூனி இறாலை உப்பிட்டு, வெயிலில் காயவைத்து, இடித்து அழுத்திய கருஞ்சிவப்புக் கட்டி. மூன்று உறை, ஒரு டப்பா, அதற்கு மேல் என் கம்பளித் துண்டு, இத்தனையையும் மீறிப் பெட்டிக்குள்ளிருந்து கசிந்துகொண்டிருந்தது. கண் திறக்காத அந்த ஒரு நொடியில் நான் ஊரில் இருந்தேன்: மழை ஓய்ந்த சந்தை, ஈரச் சாக்கு, மீன்காரியின் மஞ்சள் பூட்ஸ். கண் திறந்தால் மனோர் பார்க். தோழி வீட்டுச் சின்ன அறை, சன்னலுக்கு வெளியே வரிசை வீடுகளின் புகைபோக்கிகள், அக்டோபர் கடைசியின் சாம்பல் வெளிச்சம்.

அந்தக் கட்டி எனக்கல்ல. தைப்பிங்கில் என் பக்கத்து வீட்டுச் சீனத் தோழி, லண்டனில் இருக்கும் தன் அக்கா சியூ லானுக்குக் கொடுத்தனுப்பியது. கூடவே அரைக் கிலோ குலா மலாக்கா, நம் கருப்பட்டிக்குத் தென்னை வழி உறவு. "நீதான் எப்பவும் எங்கயாவது கிளம்பிக்கிட்டே இருக்கியே, இதையும் தூக்கிட்டுப் போ" என்றாள். உண்மைதான். ஓரிடத்தில் மூன்று மாதம் இருந்தால் எனக்குக் காலில் எறும்பு ஊரும்.

காலை எட்டரைக்கு எலிசபெத் லைனில் ஏறினேன். ஸ்ட்ராட்ஃபோர்டில் இறங்கி, ஓட்டுநர் இல்லாத சிறு ரயிலுக்கு மாறி, கேனரி வார்ஃபில் இன்னொரு முறை மாறினேன். மொத்தம் ஏறத்தாழ மூன்று பவுண்ட். ஓட்டுநர் இல்லாததால் முன்னிருக்கை பயணிகளுக்கே கிடைக்கிறது. நான் உட்கார்ந்ததும் அடுத்த இருக்கைக்காரர் மூக்கைச் சுளித்து, என்னைப் பார்த்து, என் பையைப் பார்த்து, நாகரிகமாக எழுந்து பின்னால் போய்விட்டார். இரண்டு இருக்கையும் எனக்கே. கண்ணாடிக் கட்டடங்களின் இடுப்பை உரசிக்கொண்டு போன ரயில் திடீரென்று தலையைக் குனிந்து தேம்ஸின் அடியில் புகுந்தது. தலைக்கு மேல் ஒரு ஆறு. மடியில் ஒரு கடல்.

பத்து மணிக்கு லூயிஷாம் நிலையத்தில் அபி காத்திருந்தாள். சியூ லான் அக்காவின் ஒரே மகள். முப்பது தாண்டிய, நீண்ட கைகளும் அவசர நடையும் கொண்ட பெண். கண்கள் அம்மாவின் சீனக் கண்கள், மூக்கும் புருவமும் யாழ்ப்பாணத்து அப்பாவினுடையவை. ஆர்ச்வேயில் தனியே வாடகைக்கு இருக்கிறாள். அவள் பேசுவது ஆங்கிலம், உறவுச்சொற்கள் மட்டும் தமிழ். நான் இங்கே தமிழில் தருகிறேன்.

சந்தை வழியாக நடந்தோம். எஃகுக் கிண்ணங்களில் மிளகாயும் மாம்பழமும் குவித்துவைத்து, ஒரு கிண்ணம் ஒரு பவுண்ட் என்று கூவிக்கொண்டிருந்தார்கள். ஒரு தமிழ்க் கடையில் நுழைந்து, பாண்டான் இலை இருக்கா என்று கேட்டேன்.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரம்பையைத்தானே கேக்கிறியள்? ஓம், இருக்கு. சீன அம்மா ஒராள் கிழமைக்கு ரெண்டு கட்டு கொண்டு போவா."

"அது என் அம்மாதான்" என்றாள் அபி.

ஒரு கட்டு ஒன்றரைப் பவுண்ட். வெளியே வந்ததும் அவள் நின்றாள். இலைக்கட்டை மூக்கில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "ஆன்டி, நான் மெல்பர்ன் போறேன். வேலை கிடைச்சிருக்கு. அடுத்த மாசம். திரும்பி வர்ற மாதிரி வேலை இல்ல."

"நல்ல விஷயம்தானே?"

"அப்பாவுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. மூணு வாரமா ஒவ்வொரு ஞாயிறும் சொல்லத்தான் வர்றேன். சாப்பிட்டுட்டுத் திரும்பிப் போறேன். இன்னிக்குச் சொல்லணும். நீங்க இருக்கீங்க, விருந்தாளி முன்னாடி அம்மா கத்த மாட்டாங்க."

ஆறாயிரம் மைலுக்கு மேல் கடந்து வந்த என்னை இப்படியும் ஒருவர் பயன்படுத்தலாம் என்று நான் நினைத்ததில்லை.

அவர்கள் வீடு நிலையத்திலிருந்து கால் மணி நடை. கதவைத் திறந்தவர் அபியின் அப்பா குகன் அண்ணை. இளமையில் அகதியாக வந்து மருத்துவமனையில் கட்டில் தள்ளினார், அங்கே தாதிப் பயிற்சிக்கு வந்திருந்த சீனப் பெண்ணைக் கட்டினார், பிறகு ஓய்வு பெறும்வரை பஸ் ஓட்டினார்.

"வாங்கோ தங்கச்சி. மணம் முன்னுக்கு வந்திட்டுது, ஆள் பின்னாலை வாறா."

கோட்டை மாட்ட இடம் தேடினேன். கொக்கிகளில் தடித்த குளிர்க் கோட்டுகள் இரண்டு தொங்கின. "அது அபியின்ரை. போன கிழமை கொண்டுவந்து மாட்டிட்டாள்" என்று ஒதுக்கிவிட்டு, ஏதோ அதிகமாகச் சொல்லிவிட்டவர்போல் இருமினார்.

சமையலறையில் நீராவி. சன்னல் கண்ணாடி முழுக்க வியர்வை. அடுப்பில் பெரிய எஃகுப் பானை, மூடியைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. சியூ லான் அக்கா குட்டையானவர், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தார். கணவனிடமும் மாமியாரிடமும் கற்ற யாழ்ப்பாணத் தமிழ், அதில் எங்கள் ஊர் 'லா' ஒன்று அங்கங்கே வந்து ஒட்டிக்கொள்ளும். என் கையைப் பிடித்து முதலில் முகர்ந்தார், பிறகுதான் பையை வாங்கினார்.

"பாக்குல் ஏத்தியிருக்கிறன் லா. விடியவே ஏத்திட்டன். வேகுமட்டும் இந்த வீட்டில சண்டை இல்லை, அழுகை இல்லை, பிழையான கதை இல்லை. 'வெந்திட்டுதோ' எண்டு ஒருத்தரும் கேக்கக் கூடாது. கேட்டா வேகாது."

குவே பாக்குல் தெரியாதவர்களுக்காக: பசையரிசி மாவும் சர்க்கரையும் மட்டும். பிசைந்து, வடிகட்டி, வாழையிலை சுற்றிய டின்களில் ஊற்றி, நாள் முழுக்க அவிக்க வேண்டும். பால்போல் வெள்ளையாகப் போவது பொழுது சாயும்போது தேன்நிறக் கட்டியாக வெளியே வரும். சீனர் புத்தாண்டுக்குச் செய்வது. ஆண்டுமுடிவில் அடுப்படித் தெய்வம் வானுலகம் போய் வீட்டுச் செய்திகளையெல்லாம் சொல்லுமாம். போகுமுன் அதன் வாயில் இதைப் பூசி விடுவார்கள். ஒட்டிக்கொண்ட வாயால் குறை சொல்ல முடியாது.

"தெய்வத்துக்கே லஞ்சம் குடுக்கிற சனம்" என்றார் குகன் அண்ணை. "அதுவும் புதுவருஷத்துக்கு இன்னும் மூண்டு மாசம் கிடக்கு. இந்த மனிசி ஏன் இப்ப ஏத்தினவ எண்டு கேட்டா மறுமொழி இல்லை."

"நீங்கள் கதைச்சா இது கூழாப் போகும்."

"முப்பத்தஞ்சு வருஷமா நான் எங்கை கதைக்கிறன்? பாக்குல் வெந்தாலும் வேகாட்டிலும்."

அபி வாசல்நிலையில் சாய்ந்து என்னைப் பார்த்தாள். அன்றைய அவளுடைய திட்டம் அந்தப் பானைக்குள் அகப்பட்டுக்கொண்டது.

நடுப்பகலில் அக்கா என் பெலாச்சானைப் பிரித்து ஒரு துண்டு வெட்டி, கரண்டியில் வைத்துத் தீயில் வாட்டினார். வீடு முழுக்கக் கடல் ஏறிற்று. அபி எல்லாச் சன்னலையும் திறந்தாள். சிவப்பு மிளகாயோடு அம்மியில் அல்ல, கல்லுரலில் இடித்து, எலுமிச்சை பிழிந்தார். கங்குங் கீரை கிடைக்காததால் பசலையை அதில் வதக்கினார். ரம்பையும் தேங்காய்ப்பாலும் போட்ட சோறு. பட்டையும் நட்சத்திரப் பூவும் இட்டு கறுப்புச் சோயாச் சாற்றில் முட்டையோடு கொதித்துக் கிடந்த கோழி. பன்றியில் செய்யவேண்டியது, மாமியார் உயிரோடிருந்த காலத்தில் கோழிக்கு மாறி, பிறகு திரும்பவே இல்லையாம். ஒரே தட்டில் மலாய்ச் சோறும் சீனக் கோழியும், அதைப் பிசைந்து உண்ணும் யாழ்ப்பாண விரல்களும். நால்வரும் ஆபத்தில்லாத விஷயங்களாகத் தேடித் தேடிப் பேசினோம்: வானிலை, பஸ் வழித்தடம், கவுன்சில் குப்பைத் தொட்டியை எடுக்கும் நாள்.

சாப்பாட்டுக்குப் பின் கொதிநீர் ஊற்ற அக்கா மூடியைத் தூக்கினார். ஆவி விலகியதும் எட்டு டின்கள் தெரிந்தன. ஆறில் வாழையிலை விளிம்பு பழுத்துச் சுருண்டிருந்தது. இரண்டில் மட்டும் வெள்ளைக் காகிதம், கேக் சுடும் காகிதம்.

"இலை போதலயா அக்கா?"

"போதேல்லை" என்றார். சன்னலோரத்தில் அரைக்கட்டு வாழையிலை சுருட்டியபடியே கிடந்தது. கை ஓய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு ஒண்டே ஒண்டே உருட்ட உட்கார்ந்தோம். மலாய்க்காரர்களின் பலகாரம். ரம்பைச் சாறு விட்டுப் பிசைந்த பச்சை மாவுக்குள் குலா மலாக்காத் துண்டை வைத்து மூடி, கொதிநீரில் போட்டால், வெந்ததும் தானே மிதந்து வரும். தேங்காய்ப்பூவில் புரட்டிச் சூடாக வாயில் போட வேண்டும்.

"முழுசாப் போட்டு வாயை மூடிக் கடி" என்றார் அக்கா மகளிடம். "பாதி கடிச்சா பாகு சட்டையில தெறிக்கும். சின்னனில எத்தினை சட்டை பழுதாக்கினவள், தெரியுமோ?"

"இன்னிக்கு எல்லாத்துக்கும் வாயை மூடத்தான் சொல்றீங்க அம்மா."

சொன்ன வேகத்தில் அபியே திடுக்கிட்டாள். அக்கா உருட்டுவதை நிறுத்தவில்லை. அடுத்த உருண்டைக்கு மாவைக் கிள்ளினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார், என்னிடம் சொல்வதுபோல:

"எனக்குப் பத்தொம்பது வயசு. தைப்பிங் வீட்டில அம்மா பாக்குல் ஏத்தி வச்சிருக்கிறா. எனக்குப் பொறுக்கேல்லை. கடிதம் வந்திட்டுது, நான் லண்டன் போறன் எண்டு அடுப்படியில நிண்டு சொல்லிப்போட்டன். அந்த முறை ஒரு டின்னும் இறுகேல்லை லா. எல்லாம் கூழ். அம்மா பேசேல்லை, அடிக்கேல்லை. அந்தக் கூழை அள்ளி வாழை மரத்துக்கு ஊத்திப்போட்டு, 'உன்ரை வாயாலைதான்' எண்டா. அவ்வளவுதான். அவ செத்துப் பதினாறு வருஷம். நான் இன்னும் மாவில தண்ணி கூடிப்போச்சோ, வாய்தான் காரணமோ எண்டு யோசிக்கிறன்."

"தண்ணிதான்" என்றார் குகன் அண்ணை மெல்ல. "நான் எத்தினை தரம் சொல்லிட்டன்."

அபி ஒரு பச்சை உருண்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உருட்டினாள். அது கோழிமுட்டைபோல் வழவழப்பாகிவிட்டது. பாத்திரம் கழுவும் தொட்டியருகே என்னிடம் கிசுகிசுத்தாள்: "ஆன்டி, போறேன்னு சொல்றது பிழையான கதையா?"

கழுவிய தட்டைத் துடைத்தபடி யோசித்தேன். எங்கள் வீட்டில் தீபாவளிக்கு அதிரசப் பாகு ஏறும்போது அம்மா எங்களைக் கொல்லைப்புறம் விரட்டுவாள். பாகுக்குப் பதம் ஒரு நொடியில் தப்பும், அதனால் அந்த அவசரம். இங்கே அவசரமே இல்லை. ஒரு நாள் முழுக்கத் தீயைச் சிறிதாக வைத்து, ஒருவரோடொருவர் கனிவாக இருந்தாக வேண்டும். நான் எத்தனையோ வீடுகளிலிருந்து கிளம்பியிருக்கிறேன். கிளம்பும் சொல்லை வாங்கிக்கொள்ளும் அடுப்படிக்கு ஒரு முழு நாள் தேவைப்படலாம் என்பது இந்த லூயிஷாம் வீட்டில்தான் உறைத்தது.

ஆறு மணிக்கு வெளியே இருட்டிவிட்டது. அக்கா தீயை அணைத்தார். மூடியைத் தூக்கி, ஒரு சாப்ஸ்டிக்கை நடு டின்னில் குத்தி எடுத்தார். குச்சியில் பிசின்போல் இழுத்தது, வழியவில்லை. இலையிலும் சரி, காகிதத்திலும் சரி, எட்டும் ஒரே தேன்நிறம். அவர் தோள்கள் இறங்கியதைப் பார்த்தபிறகுதான் நாள் முழுக்க அவை உயர்ந்தே இருந்தன என்று புரிந்தது.

"இப்ப பேசலாமா அம்மா?" என்றாள் அபி. "நான் ஒண்ணு..."

"சூட்டோட தொட்டா கையில ஒட்டும். ஆறட்டும்."

குகன் அண்ணை எழுந்துபோய் வானொலியைத் திருகினார். யாரும் கேட்கவில்லை. டின்கள் ஆறின. நாங்கள் தேநீர் குடித்தோம். ஏழு மணி தாண்டிவிட்டது. நான் கிழக்கே மனோர் பார்க் போக வேண்டும், அபி வடக்கே ஆர்ச்வே. இன்னொரு ஞாயிறும் போயிற்று என்று அவள் முகம் சொன்னது.

வாசலில் என் கையில் இலை சுற்றிய ஒன்றைத் திணித்து, "ஊரில என்ரை தங்கச்சிட்டைக் குடுங்கோ, இறுகினது எண்டு சொல்லுங்கோ" என்றார் அக்கா. அபி மெல்லிய சட்டை ஒன்றுதான் போட்டிருந்தாள். தெருவில் காற்று நன்றாகவே குளிர்ந்தது. அவள் கொக்கியில் தொங்கிய தன் தடித்த கோட்டைப் பார்த்தாள், எடுக்கக் கை நீட்டினாள், நிறுத்தினாள். அக்கா அதை எடுத்து அவள் தோளில் போர்த்தி, பொத்தானைக் கழுத்துவரை பூட்டிவிட்டார். பிறகு ஒரு துணிப்பையை அவள் கையில் கொடுத்தார்.

"வாறன் அம்மா" என்றாள் அபி. அன்று அவள் முழுத் தமிழில் சொன்னது அது ஒன்றுதான்.

அக்கா பையின் வாயை இழுத்து முடிந்தார்.

"காகிதம் சுத்தினது ரெண்டும் உனக்கு. போற அண்டைக்குக் கோட்டை இஞ்சை கழட்டி வச்சிட்டுப் போ, அங்கை இப்ப வெயில். பிளேனாலை இறங்கேக்க கஸ்டம்ஸ்காரர் கேட்டா ஒளிக்காமல் காட்டு. இலையைத்தான் மெல்பர்னுக்குள்ளை விடமாட்டினம்."