பிரிசில்லாவின் நான்காம் பக்கம்

வீரபாண்டி பிரிசில்லாவுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்பவர்கள் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும். கோயமுத்தூரில் எல்.எல்.எம். முதல் வருடம் படித்துக்கொண்டே, வாரத்தில் நான்கு நாள் சாயங்காலம் திருப்பூரில் வக்கீல் தரணீதரன் ஆபீஸில் தீர்ப்புகளைத் தேடிக் குறிப்பெழுதித் தருகிறவள் அவள். கோர்ட்டில் பேசுவது அவர். என்ன பேசலாம் என்று தோண்டி எடுத்துக் கொடுப்பது இவள். அந்தச் சம்பளத்தில்தான் படிப்பு ஓடியது. அது நின்றால் படிப்பும் நிற்கும், வீட்டில் வேறு வழி கிடையாது.

அந்த வாரம் வந்தது பனியன் கம்பெனி முதலாளி ஆறுச்சாமியின் கேஸ். அவர் கம்பெனியில் துணி வெட்டும்போது முகிலன் என்ற தொழிலாளிக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. இழப்பீடு கேட்டு முகிலன் வழக்குப் போட்டிருந்தார். "அவன் எங்க ஆளே இல்லீங்க, கட்டிங் கான்ட்ராக்டர் கூட்டியாந்த ஆளு" என்பது ஆறுச்சாமியின் கட்சி. அதற்குத் தோதான தீர்ப்பாகப் பார்த்து எடு என்றார் தரணீதரன்.

பிரிசில்லா நான்கு சாயங்காலமும் உட்கார்ந்து துழாவினாள். தோதாகக் கிடைத்ததை மூன்று பக்கத்தில் எழுதினாள். எல்லாம் இழுத்துப் பிடித்துப் பேச வேண்டிய சங்கதிதான். நான்காம் பக்கத்தில் உள்ளதை உள்ளபடி வைத்தாள். வேலை கம்பெனியுடையது, விபத்து கம்பெனிக்குள் நடந்தது. ஆளைக் கூட்டி வந்தது யாராக இருந்தாலும் இழப்பீடு முதலில் கம்பெனி தலையில்தான் விடியும். கொடுத்துவிட்டுக் கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம், சமாதானமாகப் போவது நல்லது என்று முடித்திருந்தாள்.

ஆறுச்சாமி எதிரே உட்கார்ந்திருக்கும்போதே தரணீதரன் அந்தக் குறிப்பைப் புரட்டினார். நான்காம் பக்கம் வந்ததும் முகம் சுருங்கியது.

"இத எடுத்துரு கண்ணு. மூணு பக்கம் போதும்."

"எதிர்த்தரப்பு வக்கீல் இதத்தானுங்க சார் மொதல்ல எடுத்து வெப்பாரு. அன்னைக்கு நமக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியுங்களா?"

"நீ யாரு பக்கம்?"

"உங்க பக்கந்தானுங்க. அதனாலதான் தோக்கறதுக்கு முன்னாலயே சொல்றனுங்க."

ஆறுச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். கட்சிக்காரர் முன்னால் இப்படி ஆகிவிட்டதே என்று வக்கீலுக்குச் சுருக்கென்றது. கேட்கக் கூடாததைக் கேட்டார்.

"உங்கம்மா பனியன் கம்பெனிக்குத்தான போறாங்க? அதான் பேனா அந்தப் பக்கமே சாயுது."

அடேயப்பா! நான்கு நாள் உழைப்பை ஒரே வாக்கியத்தில் அம்மா தலையில் கட்டிவிட்டார். பிரிசில்லாவுக்குக் காது வரை சூடேறியது. தொழிலாளி வீட்டுப் பிள்ளை எழுதினால் சட்டம்கூடச் சலுகையாகத்தான் தெரியுமோ இவருக்கு?

"எங்கம்மா பனியன்ல பிசிறு நூல் வெட்டறாங்க சார். சட்டம் எழுதலீங்க."

"அந்தப் பக்கத்த எடு. இல்லீன்னா நாளையிலிருந்து வர வேண்டாம்."

காலேஜும் பாடமும் கண் முன்னால் வந்து போயின. ஆனாலும் அவள் கை பின்வாங்கவில்லை. நான்காம் பக்கத்தைத் தனியே உருவி, அடியில் ஒரு கோடு போட்டு, பேனாவோடு அவர் முன்னால் நகர்த்தினாள்.

"எடுத்தர்றனுங்க. நீங்க சொல்லித்தான் எடுத்தேன்னு இதுல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க."

ஆறுச்சாமி பேனாவைப் பார்த்தார், வக்கீலைப் பார்த்தார்.

"போடுங்க வக்கீல் சார். சரியான வழியா இருந்தா ஒரு கையெழுத்துல என்ன வந்துறப் போகுது?"

தரணீதரன் பேனாவைத் தொடவில்லை. "நீ கெளம்பும்மா" என்றார்.

"இருங்க, இருங்க" என்றார் ஆறுச்சாமி. "அதுல என்னதான் எழுதியிருக்குது?"

பிரிசில்லா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசல் பக்கம் போகவில்லை. நாற்காலியை ஆறுச்சாமி பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான்காம் பக்கத்தைக் கையில் எடுத்து முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிக்கத் தொடங்கினாள்.