அறுபத்து நான்காம் குச்சி

தொண்ணூறுகளின் நடுவில், செடிக்கு நோய் வரவில்லையே என்று கவலைப்பட்டு இளைத்த ஒரே ஆள் அஸ்தினாபுரத்தில் நான்தான். தாம்பரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி மாணவன். என் பேராசிரியர் முதலில் பட்டாணி என்றுதான் ஆரம்பித்தார். இந்த வெயிலில் பட்டாணி காய்ப்பதற்குள் என் தலை வழுக்கையாகிவிடும் என்று கெஞ்சிக் கூத்தாடி உளுந்துக்கு மாற்றினேன்.

உளுந்துக்கு மஞ்சள் தேமல் என்று ஒரு நோய் உண்டு; வெள்ளை ஈ கொண்டுவந்து சேர்க்கும். அதைத் தாங்கும் ரகத்தையும் தாங்காத ரகத்தையும் கலந்து, அவற்றின் பேரப்பிள்ளைகளை விதைத்திருந்தேன். தாங்கும் குணத்தோடு ஒட்டிக்கொண்டே வரும் ஓர் அடையாளத்தை டி.என்.ஏ.வில் கண்டுபிடித்துவிட்டால், அப்புறம் நோய்க்காகக் காத்திருக்க வேண்டாம். பிஞ்சு இலையை வைத்தே நல்ல செடியைப் பொறுக்கிவிடலாம். இலைகளைக் கிள்ளி, ஐஸ் பெட்டியில் வைத்து, பஸ்ஸில் நகரத்து ஆய்வகத்துக்குச் சுமந்தாயிற்று. மீன் என்று நினைத்து கண்டக்டர் என்னைப் படியிலேயே நிற்க வைத்தார். எந்தச் செடிக்கு நோய் வந்தது, எதற்கு வரவில்லை என்று குறிப்பதுதான் பாக்கி. அது இல்லாவிட்டால் என் மூன்று வருஷமும் பட்டமும் கோவிந்தா.

நிலம் பக்கத்து வீட்டு அக்காவுடையது. முன்பு நெல் போட்ட குடும்பம். மனை போட்டு விற்கும்வரை பயிர் வைத்துக்கொள் என்று இந்தத் துண்டைக் கொடுத்திருந்தார். மருந்து அடிக்காதீங்க அக்கா, நோய் வரட்டும் என்று நான் சொன்ன அன்றிலிருந்து என்னை ஒரு தினுசாகத்தான் பார்த்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை இலைகளில் மஞ்சள் தெரிந்தது. குதிக்காத குறை. ஆய்வகத்தில் மெஷின் அன்றுதான் கிடைத்தது. திங்கட்கிழமை வந்து குறித்துக்கொள்ளலாம் என்று ஓடினேன்.

திங்கட்கிழமை வந்தால், வரிசைக்கு வரிசை ஓட்டைப் பல். மஞ்சள் செடி ஒன்றுகூட இல்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கண்டபடி கத்திவிட்டேன்.

"இன்னாத்துக்கு தம்பி கத்துற? நோவு வந்ததெல்லாம் பிடுங்கி மாட்டுக்குப் போட்டேன். மத்ததாவது பொழைக்கட்டும்னுதான். உன் குச்சி ஒண்ணுகூட தொடல, அப்படியே கீது" என்றார் அக்கா.

தலையில் கை வைத்து வரப்பில் உட்கார்ந்தேன். அப்புறம்தான் அந்தக் குச்சிகளைப் பார்த்தேன். செடிக்கு ஒன்றாக, எண் எழுதி நான் நட்டவை. செடி இல்லாத குச்சி என்றால் நோய் வந்தது. செடியோடு நிற்கும் குச்சி என்றால் தாங்கியது. எண்ணிப் பார்த்தேன். ஏறக்குறைய நாலில் ஒன்று காலி. பட்டாணி வளர்த்து மரபு விதியைக் கண்டுபிடித்த பாதிரியார், பேரப்பிள்ளைகளுக்கு என்று பாடப்புத்தகத்தில் சொன்ன அதே கணக்கு. அக்காவின் காலில் விழலாம் போலிருந்தது. கத்தியதற்கு வெட்கமாகவும் இருந்தது.

பேராசிரியரிடம் உளறிக்கொட்டினேன். திட்டுவார் என்று பார்த்தால் சிரித்துவிட்டார். டி.என்.ஏ. முடிவு எதுவும் தெரியாத ஆள் பிடுங்கியிருக்கிறார், உன்னைவிட நேர்மையாகத்தான் இருக்கும். நடந்ததை அப்படியே எழுது, அடுத்த பருவத்தில் இன்னொரு தடவை விதைத்துச் சரிபார் என்றார்.

ஆய்வகப் படங்களோடு ஒப்பிட்டேன். நிற்கும் செடிகள் எல்லாவற்றிலும் ஓர் அடையாளம் இருந்தது, பிடுங்கியவற்றில் இல்லை. அறுபத்து நான்காம் குச்சி மட்டும் அடம் பிடித்தது. அடையாளம் இருக்கிறது, செடி இல்லை. ஒரு வாரம் மண்டை காய்ந்தேன். கடைசியில், அந்த ஒரு செடியில் மட்டும் அடையாளமும் குணமும் பிரிந்துவிட்டன என்று இரண்டு பக்கத்துக்கு விளாசினேன். ஆராய்ச்சியிலேயே நான் பெருமைப்பட்ட பக்கங்கள் அவைதான்.

எதற்கும் கேட்டுவைப்போம் என்று அக்காவிடம் போனேன். அறுபத்து நாலுக்கு எவ்வளவு மஞ்சள் இருந்தது என்று கேட்டேன். அவர் முந்தானையைத் திருகினார்.

"அது நல்லா பச்சையாத்தான் இருந்துச்சு தம்பி. ஆடு மேஞ்சிடுச்சு. நீ அந்தக் கத்து கத்தினியா, அதான் சொல்லல."

ஆடு கொட்டகை ஓரமாகத்தான் நின்றிருந்தது. நான் பையைத் திறந்து அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்து அதன் முன்னால் போட்டேன். மிச்சம் வைக்காமல் தின்றது.