விற்காத காருக்கு எலுமிச்சம்பழம்

லகாட்டிலிருந்து மலேசியாவின் ஈப்போ நகருக்கு என் புதிய சின்னக் காரை எடுக்கப் போன வெள்ளிக்கிழமை அவரைப் பார்த்தேன். கார் கடையின் சேல்ஸ்மேன். ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் டை, நெற்றி நிறையத் திருநீறு. கடை நடுவில் நின்ற பெரிய சொகுசுக் காரின் நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் குனிந்து குனிந்து எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார்.

"யாருண்ணே எடுக்குறாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் இல்லலா. ரெண்டு வருசமா இங்கதான் நிக்குது. இந்த மாடலையே நிறுத்தப் போறாங்கன்னு பேசிக்கிறாங்க. நிறுத்திட்டா இந்த மாதிரி பெரிய காடி விக்கிற எனக்கும் இங்க வேலை இல்ல. அதான் வெள்ளிக்கு வெள்ளி பழம் மாத்துறேன். கடை பாஸ் என்னைப் பாத்து, 'நீ ஜூஸ் கடை போடுலா'ன்னு சிரிக்கிறாரு."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "பழத்து மேல சக்கரம் ஏறணும்ணே. சும்மா வச்சா எப்படி? சாவி உங்க கையிலதானே இருக்கு, ஒரு அடி நகத்துங்க."

அவர் பதறிவிட்டார். "ஐயோ, வேணாம்! மொத ஏத்தம் வாங்குறவங்களோடது. என் வேலைக்காக நான் ஏத்திட்டா, அவங்க பூசைக்கு என்ன மிச்சம்?"

என் வீட்டுக்காக மட்டுமே வேண்டிப் பழகியவன் நான். அன்று கோயிலில் என் காருக்குப் பூசை முடிந்ததும், அந்தப் பெரிய காரை வாங்க ஒருவரை அனுப்பு என்று முருகனிடம் கேட்டேன். அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. அந்த சேல்ஸ்மேனோ, வாங்க வருபவரின் பங்கை அவர் வரும் முன்பே பத்திரப்படுத்தி வைத்திருந்தார்.