தடுப்பணை வண்டலும் தங்கச்சிக்குக் குடுத்த பூண்டும்

எனக்குக் கோபம் வந்தா காது ரெண்டும் சூடாயிரும். இதச் சொல்ல உட்கார்ந்ததுமே சூடாயிருச்சு.

கொடைக்கானல் டவுனுக்குக் கீழ, சரிவுல கெடக்கு எங்க பூண்டுத் தோட்டம். ஓடைத் தடுப்பணையத் தூர் வாரணும்னு ஆபீஸ்காரங்க பொக்லைன் கொண்டாந்தாங்க. அடியில படிஞ்ச வண்டல் கறுகறுன்னு வந்துச்சு. “நல்ல உரம், சும்மாவே குடுக்கோம், வெரசா வந்து எடுத்துக்கங்க”ன்னு மைக் வச்சுச் சொன்னாங்க. வண்டலப் பாத்தா விவசாயம் பண்றவனுக்குக் கை சும்மா இருக்குமா? குதிரை மேல சாக்குச் சாக்கா ஏத்தியாந்து, பாத்தியெல்லாம் பரப்பி, பூண்டு ஊன்றினோம்.

அந்த ஓடைக்கு மேல தெர்மாமீட்டர் கம்பெனி ஒண்ணு இருந்துச்சு. மூடி ரொம்ப வருஷமாச்சு. அங்க மண்ணுல பாதரசம் கலந்து கெடந்தது ஊருக்கே தெரியும். அது கம்பவுண்டுக்குள்ள இருக்க சங்கதின்னு நெனச்சுக்கிட்டிருந்தோம். மழைத்தண்ணிக்கு ஏது கம்பவுண்டு? அது கழுவிக் கொண்டாந்ததெல்லாம் தடுப்பணை அடியிலதான போய்ப் படியும்? எங்களுக்குத் தோணல, சரி. படிச்சுட்டு ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கவனுக்கும் தோணலையா?

தாண்டிக்குடியில கட்டிக்குடுத்த என் தங்கச்சி பிரசவத்துக்கு எங்கிட்டதான் வந்தா. அம்மா போயிட்டதால அவளுக்கு நான்தான் எல்லாம். அவளுக்குக் கலைஞ்சு கலைஞ்சு, கடைசியாத் தங்குன புள்ள இது. பெத்தவளுக்குப் பால் ஊறணும்னா எங்க பக்கம் பூண்டுதான். அந்த வண்டல்ல வெளஞ்சு, அடுப்புக்கு மேல புகையில தொங்கவிட்ட புதுப் பூண்ட உரிச்சு, நல்லெண்ணெயில வதக்கி, பால்ல வேகவச்சு, குழம்பு வச்சுன்னு குடுத்துக்கிட்டே இருந்தேன்.

“போதும்க்கா, என் மேலயே பூண்டு நாறுது”ன்னு சிணுங்குவா.

“வாய மூடிட்டுத் தின்னுடி. ஒன் மாமியாளா வந்து பால் குடுப்பா?”ன்னு அதட்டுவேன். பாலும் நல்லா ஊறுச்சு. புள்ள கும்முன்னு ஆனான்.

ஒரு நாள் வெள்ளனே தடுப்பணைப் பக்கம் புது ஆளுக நின்னாங்க. கையில கிளவுஸு, காலுல பெரிய பூட்ஸு, மூஞ்சில மாஸ்க்கு. அடிச் சேத்தக் கோரிப் பாட்டில்ல அடைச்சுக்கிட்டிருந்தாங்க.

“என்ன சோலி சார்?”ன்னு கேட்டேன்.

“பாதரசம் எவ்வளவு இருக்குன்னு பாக்கணும்மா. அடிச் சேத்துலதான் தங்கும். நீங்க கிட்ட வராதீங்க.”

“இந்தச் சேத்தத்தான சார் உரம்னு அள்ளிக் குடுத்தீங்க?”

“அது வேற டிபார்ட்மெண்டும்மா.”

வேற டிபார்ட்மெண்டாம்! மொதல்ல அள்ளிக் குடுப்பானுகளாம், அப்புறமாச் சோதிப்பானுகளாம். இவனுக்குக் கிளவுஸு, என் தங்கச்சிக்குப் பூண்டுக் குழம்பா? வாய்க்கு வந்தபடி ஏசினேன். என் வீட்டுக்காரர் கையப் பிடிச்சு இழுத்தாரு, உதறிட்டு ஏசினேன். எங்க பூண்டையும் கொஞ்சம் சோதிச்சுப் பாருங்கய்யான்னா, அதுக்கு ஆர்டர் இல்லைன்னுட்டாங்க.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பூண்ட நிறுத்துங்க, மண்ணு ரிசல்ட் வந்தாத்தான் மத்ததச் சொல்ல முடியும்னாரு டாக்டர். அந்த ரிசல்ட்டு ஆபீஸுக்குத்தான் வருமாம், எங்களுக்குத் தரமாட்டாங்களாம்.

வீட்டுக்கு வந்து, தொங்குன பூண்டையெல்லாம் இறக்கிச் சாக்குல கட்டினேன். “பஸ் ஸ்டாண்டு கடையில தள்ளிருவோம் மதினி, டூரிஸ்ட்டு வாங்கிட்டுப் போயிருவான்”னான் கொழுந்தன்.

“ஏலே, அவன் வீட்டுலயும் புள்ள பெத்தவ இருப்பாடா”ன்னு கத்தினேன்.

வேற எங்கதான் கொட்டுறது? வண்டல் குடுத்த ஆபீஸுக்கே போன் போட்டுக் கேட்டேன். “ஓடையில விட்ருங்கம்மா, தண்ணி கொண்டு போயிரும்”னான் ஒருத்தன். எங்கடா கொண்டு போகும், கீழ இருக்கவன் மனுஷன் இல்லையான்னு நான் கேட்டு முடிக்கல, போன வச்சுட்டான்.

அந்நேரம் உள்ள புள்ள பசியில அழ ஆரம்பிச்சான். போய்ப் பாத்தா, தங்கச்சி அவன மடியில போட்டு, மாரை உள்ளங்கையால மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்கா. அவன் அந்தக் கையில போய் முட்டுறான்.

“அக்கா, குடுக்கவா, வேண்டாமா?”ன்னு கேட்டா.

அவ என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தா, புள்ள அழுதுக்கிட்டே கெடந்தான்.