ரயில்வே சுவரோரம் ஒரு பச்சை ஓலைக் குடிசை

அடுத்தவர் வீட்டு விஷயம் என்றால் எனக்கு ஒரு அரிப்பு. வீடே இல்லாதவர்கள் விஷயத்திலும் அது அடங்கவில்லை.

அப்போது மேற்குத் தாம்பரத்தில் குடியிருந்தேன். வேலைக்குப் போக ஸ்டேஷனுக்கு நடக்கிற வழியில், ரயில்வே சுவரோரம் நடைபாதையில் ஒரு குடும்பம் இருந்தது. புருஷனை இழந்த ஒருத்தி, அவள் பெண், ஒரு சின்னப் பையன். மீன் மார்க்கெட்டில் மீன் வெட்டித் தருவதுதான் அவள் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் என் சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டே பேசுவாள். நானும் தோண்டித் தோண்டிக் கேட்பேன். எங்கே குளிப்பீர்கள், மழை வந்தால் எங்கே போவீர்கள் என்று.

"தார்ப்பாய் கட்னா போலீஸ் அறுத்துட்டுப் போறான்க்கா. மழ வந்தா கடை வாசல்ல ஒதுங்கிக்குவோம். கடக்காரன் திட்டினா அடுத்த கடை" என்றாள், மீனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் பார்த்தால், தார்ப்பாய்க்கே இடமில்லாத அந்தச் சுவரோரம் ஒரு குடிசை நிற்கிறது. புத்தம் புதுப் பச்சைத் தென்னை ஓலை. உள்ளே அந்தப் பெண், முழங்காலைக் கட்டிக்கொண்டு.

விஷயம் புரிந்துவிட்டது. பெண் பெரியவளாகிவிட்டால் தாய்மாமன் வந்து பச்சை ஓலையில் குடிசை கட்டித் தனியே உட்கார வைப்பது எங்கள் பக்கமும் உண்டு. எங்கள் வீட்டுப் பெண்களை வீட்டிலிருந்து வெளியே கொண்டுவந்து குடிசையில் வைத்தார்கள். இவளுக்கோ இந்தக் குடிசைதான் முதல் கூரை.

போலீஸ் என்ன செய்யப்போகிறது என்று பார்க்காமல் எனக்கு ரயிலேற மனமில்லை. போலீஸ்காரர் வந்தார். லத்தியால் ஓலையைத் தட்டினார்.

"இன்னா இது?"

"பொண்ணு வயசுக்கு வந்துட்ச்சு சார்."

லத்தி இறங்கிவிட்டது. "எப்போ தண்ணி ஊத்துறீங்க?" என்று கேட்டார். அந்தச் சடங்கு முடிந்ததும் குடிசையைப் பிரித்துவிட வேண்டும்.

"அண்ணன் சீர் எடுத்துகினு வரணும் சார்."

"சீக்கிரம் முடி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மழை விட்டபாடில்லை. தீட்டாவது ஒன்றாவது, மூன்று பேரும் அதற்குள்தான் படுத்தார்கள். போலீஸ்காரர் கேட்கும்போதெல்லாம், அண்ணன் இன்னும் வரவில்லை என்பாள். அவன் மாடம்பாக்கத்தில் கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே தங்குகிறவன். ஒரு நாள் காலை எட்டிப் பார்த்தால், குடிசைக்குள் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். என்னைப் பார்த்ததும், "நான் இன்னும் வரலக்கா" என்றான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போலீஸையே சடங்கை வைத்து மடக்கிவிட்டாளே, பலே கெட்டிக்காரி என்று அவளை நினைத்து ரயிலில் தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன்.

"மழைக்காலம் முடியறவரைக்கும் உன் அண்ணனை வரவிடாதே" என்று அவளிடமே சொன்னேன். அவளும் சிரித்தாள், பேருக்கு. கண் சிவந்திருந்தது. மழையில் தூக்கம் கெட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு அவள் மார்க்கெட்டுக்கு வரவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மீன் பையோடு நேரே சுவரோரம் போனேன். கொட்டுகிற மழையில் அவளே ஓலைகளைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"பைத்தியமா உனக்கு? போலீஸ்காரனே விட்டுட்டான், நீ எதுக்குப் பிரிக்கிறே?"

"போலீஸ் வுட்டான்க்கா. மத்தவனுங்க வுடலியே." கை நிற்கவில்லை. "யார் யாரோ வந்து ஓலைய வெலக்கிப் பாக்குறானுங்க. ராவெல்லாம் மீன் கத்திய மடில வெச்சிகினு குந்திகினுகீறேன். இத்தினி நாளா இவள ஒருத்தனும் திரும்பிப் பாக்கலக்கா. இங்க வயசுப் பொண்ணு கீதுன்னு நானே போர்டு மாட்டி வெச்ச மாதிரி ஆயிட்ச்சு."

அந்தப் பெண், மாமனுடைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலைமுடியைத் துண்டுக்குள் சுருட்டிக் கட்டிக்கொண்டு, நனைந்த ஓலைகளை இழுத்துப் போய்க் குப்பைமேட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். உடம்பெல்லாம் நடுக்கம். ஓடிப்போய் என் குடையை அவள் தலைக்கு மேல் பிடித்தேன்.

"அவளுக்கு வேணாம்க்கா" என்று அம்மா அங்கிருந்தே கத்தினாள். "பூப்போட்ட கொட அது. பொண்ணுன்னு தெரிஞ்சிடும்."

நான் குடையை மடக்கினேன்.