நேர்த்தி முடிந்த மறுநாள்

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றி அறியாதவன் நான். கடவுள் உண்டா இல்லையா என்று யாரிடமும் வாதாடியதில்லை. அந்தச் சங்காத்தமே வேண்டாம் என்று ஒதுங்கியிருந்தேன். அப்படிப்பட்டவன், மகளைப் பள்ளிக்கூடத்தில் உயிரோடு வைத்திருக்க மாரியம்மனிடம்தான் போய் நிற்க வேண்டியிருந்தது.

மகளுக்கு முட்டை ஆகாது. நாலு வயதில் சொந்தக்காரர் வீட்டில் யாரோ ஆம்லெட்டைக் கிள்ளி அவள் வாயில் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. சாத்தூர் டாக்டர் ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார். "முட்டை பட்ட கரண்டிகூட இவளுக்கு ஆகாது. அடுத்த தடவை இதைவிட மோசமா வரலாம்" என்றார். சீட்டிலும் எழுதிக் கொடுத்தார்.

அவளைப் பள்ளியில் சேர்த்தபோது சத்துணவில் வாரத்துக்கு ஒரு முட்டை. பிறகு அது மூன்றானது. ஊரே சந்தோஷப்பட்டது. எங்களுக்குப் பயம் மூன்று மடங்கானது. நானும் மனைவியும் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தோம். விடியும்போதே வேன் வந்துவிடும். செல்போனைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பகலில் ஊரில் என்ன நடந்தாலும் சாயங்காலம் வேன் திரும்பிய பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

ஒரு நாள் வேலைக்குப் போகாமல் சீட்டை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரைப் பார்த்தேன். வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"முட்டை ஒத்துக்காத பிள்ளைய நான் கேள்விப்பட்டதே இல்லையேப்பா. கொஞ்சங் கொஞ்சமாக் குடுத்துப் பழக்குங்க, சரியாயிரும்."

சத்துணவு சமைக்கும் அக்காவும் தன் பங்குக்கு, "பிள்ள நோஞ்சானா இருக்கு. முட்டை தின்னாத்தான தேறும்?" என்றார். டாக்டரைவிட உங்களுக்குத் தெரியுமா என்று நான் கத்தினேன். கத்தியதில் தொண்டை வலித்ததுதான் மிச்சம்.

மனைவி என்னைப்போல் வீணாய்க் கத்துகிறவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த அக்கா வீட்டுக்கே போனாள். "பிள்ளைக்கு முடியிறக்க ஆத்தாளுக்கு நேந்திருக்கோம்க்கா. பங்குனிப் பொங்கல் வரைக்கும் கவிச்சி ஆகாது. முட்டை பட்ட கரண்டிகூடப் படக் கூடாது" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அந்த அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாராம். மறுநாளிலிருந்து மகளுக்குத் தனிக் கரண்டி, தனித் தட்டு, கை கழுவி எடுத்த முதல் சோறு. முட்டை போடுகிற நாளில் தலைமையாசிரியரே மற்ற பிள்ளைகளைத் தள்ளி உட்கார வைத்தார். டாக்டர் சொன்னதில் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. நிம்மதியாகவும் இருந்தது. மகளிடமும் நேர்த்தி என்றே சொல்லி வைத்தோம். சின்னப் பிள்ளை, உண்மையை உளறிவிட்டால் எல்லாம் போச்சு.

பங்குனியில் மாரியம்மன் கோயில் பொங்கல் வந்தது. முடியிறக்காவிட்டால் ஊர் சும்மா விடாது. பொங்கலன்று அவளுக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசினோம். செருப்பைக் கழற்றிவிட்டு நானும் கூட்டத்தில் நின்றேன். மகளுக்குப் பெருமை தாங்கவில்லை.

நேர்த்திக்கு முடிவு உண்டு என்பது எங்கள் இருவர் மண்டைக்கும் ஏறவில்லை. இத்தனை மாதம் நடந்தது அப்படியே நடக்கும் என்று இருந்துவிட்டோம். மொட்டைத் தலையோடு அவள் பள்ளிக்கூடம் போனால், நேர்த்தி முடிந்தது, இனிக் கவிச்சி தின்னலாம் என்றுதானே ஊர் எடுத்துக்கொள்ளும்?

பொங்கலுக்கு மறுநாளே சமையல்கார அக்கா அவளுக்கென்று இரண்டு முட்டை எடுத்து வைத்திருந்தார். "எம்புட்டு நாளா வாயக் கட்டிக்கிட்டு இருந்திருக்கு. தின்னு தாயி" என்று உரித்துக் கொடுத்திருக்கிறார். மகளும் ஆசையாய்த் தின்றிருக்கிறாள். ஒரு முட்டை முடிவதற்குள் மூச்சு அடைத்துவிட்டது. அந்த அக்காவே அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, லோடு ஏற்றி வந்த ஒரு வேனை மறித்துச் சாத்தூருக்குக் கொண்டுபோனார். சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போதுதான் எங்களுக்குச் செய்தி. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவள் இருக்கிறாளா இல்லையா என்று தெரியாது. இருந்தாள். கண் திறக்க முடியாமல் முகம் வீங்கிக் கிடந்தாள்.

"நான் ஆசையாத்தான தம்பி குடுத்தேன்" என்று அந்த அக்கா அழுதார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நேர்த்தியெல்லாம் கிடையாது, டாக்டர் சொன்னதை யாரும் கேட்காததால் நாங்கள் கட்டிய கதை என்று அப்போதுதான் உடைத்துச் சொன்னேன். அவருக்கு அழுகை நின்றுவிட்டது.

"ஆத்தா பேரச் சொல்லியா பொய் சொன்னீக? அதான் அவ காட்டிட்டா."

அதற்குப் பிறகு ஊர் முழுக்க அதே பேச்சுதான். முட்டைதான் காரணம் என்று ஒருவரும் நினைக்கவில்லை. சாமி குத்தம் என்று பிள்ளைகள்கூட மகளை விட்டு ஒதுங்கின. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "சோறு வீட்டுல இருந்தே குடுத்து விடுங்க. தனியா உக்காந்து திங்கட்டும். இனி ஏதாச்சும் ஆனா நான் பொறுப்பில்ல" என்றார். எங்களில் ஒருவர் வேலையை விட்டு நின்றுவிடலாமா என்று பேசிப் பார்த்தோம். ஒருவர் கூலியில் வீடு ஓடாது.

ஒரு சாயங்காலம் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் முட்டை தின்னதுக்குத்தான் ஆத்தா என் தொண்டையப் பிடிச்சாளா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் நாளைக்கே யாராவது பாசமாய் ஒரு துண்டை நீட்டினால், டாக்டர் பேச்சா அவள் கையைப் பிடித்துத் தடுக்கும்? டாக்டர் பேச்சை இந்த ஊரில் யார் மதித்தார்கள்? நான் அந்த நேரத்தில் கம்பெனியில் இருப்பேன்.

"ஆமா" என்றேன்.

"அந்தக் கோவம் எப்பப்பா தீரும்?"

"தீராது பாப்பா. நீ பெரியவளானாலும் தீராது."

சரி என்று தலையை ஆட்டினாள். மறுநாள் சாயங்காலம் அவளுடைய தூக்குவாளியைத் திறந்தால், கட்டிக் கொடுத்த சோறு அப்படியே இருந்தது. பள்ளிக்கூடத்தில் எதையும் வாயில் வைக்கப் பயமாய் இருந்ததாம். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.